நுனியில் ஏறிய நீலம்

1. வால்

பக்ரீதுக்கு முந்தின நாள் ஒரு நல்ல கத்தியை நான் கெடுத்தேன். கெடுத்தது மட்டுமல்ல, மறைக்கவும் செய்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தை மாதம். தாம்பரம் மார்க்கெட் பக்கம் சாணைக் கடை வைத்திருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் கடை திறந்ததுமே ஜமால் பாய் வந்தார். பொழிச்சலூரில் கறிக்கடைக்காரர், என்னைவிட மூத்தவர். கத்தி லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. கைப்பிடிக்குள் போகிற பகுதியை வால் என்போம். அந்த வால் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கமும் தகடு வெச்சு டைட் பண்ணு பாய். நுனியைக் கூராக்கு, தோல் உரிக்கவும் ஆவணும். நாளிக்கு ஏழு வூட்டு குர்பானி ஆட்டுக்கும் இந்தக் கத்திதான். பக்கத்துல ஒருத்தன் வெல்டிங் வெச்சா அஞ்சு நிமிஷம்ன்றான்."

"அஞ்சு நிமிஷத்துல கத்தி செத்துடும் பாய். வெல்டிங் சூடு அலகுக்கு ஓடிடும். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி வாங்க, முடிச்சு வெக்கிறேன்."

காய்ச்சிக் கடினமாக்கிய, அதாவது பதம் ஏறிய இரும்பில் டிரில் இறங்காது. அலகு முழுவதையும் ஈரச் சாக்கில் சுற்றினேன். வாலை மட்டும் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காட்டி, சாம்பலில் செருகி மெதுவாக ஆறவிட்டேன். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். பிறகு பிஸ்மி சொல்லித் துளை போட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து, மூன்று பித்தளை ரிவெட் அடித்தேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

2. நீலம்

கஷ்டமான வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்புதான் என்னைக் கெடுத்தது. இனி நுனி மட்டும்தானே என்று மோட்டார் சாணையில் பிடித்தேன். வாசலில் பண்டிகைக் கூட்டம். எப்போதும் வெறுங்கையால்தான் பிடிப்பேன். விரல் தாங்காத சூட்டை இரும்பும் தாங்காது. சுட்டதும் தண்ணீரில் முக்கிவிடுவேன். அன்று அவசரத்தில் கையுறை போட்டிருந்தேன். விரலுக்குச் சூடே தெரியவில்லை. நுனி மெலிசு, சூடு முதலில் அங்கேதான் ஏறும். சூடு ஏற ஏற இரும்பு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு நீலமாகும். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் பார்த்தபோது கட்டைவிரல் அகலத்துக்கு மயில் கழுத்து நீலம்.

நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கூர் ஏறும், ஆனால் நிற்காது, மடங்கிவிடும்.

அடுத்துச் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எமரித் தாளால் நீலத்தைத் தேய்த்து எடுத்தேன். கத்தி புதுசு மாதிரி மின்னியது. ஜமால் பாய் வந்து, கத்தி விளிம்பை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

"சூப்பர் பாய். உனக்கு துவா பண்றேன்" என்று வாங்கிப் போனார்.

லுஹர் தொழுகைக்கு நின்றேன். வாய் ஓதியது, மனசு அந்த நுனியில் இருந்தது. கூர் மடங்கினால் ஆடு துடிக்கும். கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள், அறுபடும் பிராணிக்கு வேதனை கொடுக்காதே என்பது எங்கள் மார்க்கத்தின் கட்டளை. அல்லாஹ்விடம் இதற்கு என்ன பதில் சொல்வேன்? சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்தபோது முடிவு செய்துவிட்டேன். வாசலில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடையைச் சாத்தினேன். கையால் சுற்றும் பழைய சாணைச் சக்கரத்தை மொபெட் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

3. பொழிச்சலூர்

"கத்தியைக் குடுங்க பாய். நுனியில பதம் போச்சு. தெரிஞ்சே தேய்ச்சு மறைச்சுட்டேன்."

"இன்னா பாய் சொல்ற? நாளிக்குக் குர்பானி, இன்னிக்கு வந்து கதை வுட்டுகினு கீற? நகத்துல பாத்தேனே, நல்லாதான கீது?"

நகம் கூர்மையைத்தான் சொல்லும், பதத்தைச் சொல்லாது. அரத்தை எடுத்து அலகின் நடுவில் இழுத்துக் காட்டினேன். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது. நுனியில் இழுத்தேன். கடித்தது, துகள் உதிர்ந்தது.

அவர் அந்தத் துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மறைச்சுட்டு துவா வேற வாங்கிகினியே" என்றார். நான் மொபெட்டிலிருந்து சக்கரத்தை இறக்கி வைத்தேன்.

"கெட்ட நுனி மொத்தத்தையும் எடுத்துடணும் பாய். நீளம் கொறையும், தோல் உரிக்கிற கூரு இருக்காது. ஆனா அறுக்க நிக்கும். மோட்டார் வேணாம், தண்ணி ஊத்திக் கையாலதான். நீங்க சக்கரம் சுத்துங்க."

"நீ பண்ண தப்புக்கு நான் சுத்தணுமா?" என்றார். ஆனாலும் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்தேன். வெறுங்கை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்து, "இன்னா, நாளிக்கு இட்லிக்கு அரைக்கிறீங்களா?" என்றார்.

"பாய் வூட்டுக்கும் சேத்து அரைக்கிறேன், போ" என்றார் ஜமால் பாய், சிரிக்காமல்.

நடுநடுவே அரம் வைத்துப் பார்த்தேன். நீலம் தெரிந்த இடத்தைத் தாண்டியும் அரம் கடித்தது. அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று. "போதும் வுடு பாய், இவ்ளோதான்" என்றார்.

"இல்ல பாய், இன்னும் கடிக்குது. சுத்துங்க."

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தபோது அரம் வழுக்கியது. அவரே அரத்தை வாங்கி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். கத்தி இரண்டு விரற்கடை குட்டையாகி, முனை மழுங்கலாக நின்றது. அந்த மழுங்கலுக்குப் புதுக் கூர் தீட்டிக் கொடுத்தேன். பார்க்க அழகில்லை.

பெருநாள் கழிந்து கடை திறந்த அன்று ஜமால் பாய் வந்தார். பங்குக் கறிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "ஏழு ஆட்டுக்கும் மடங்கல பாய்" என்றார். பிறகு பையிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்தார். அதன் வாலும் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுக்கும் தகடு வெச்சுடு. நீலம் வந்தா தொடைக்காத. எனக்குக் காட்டு."

அதற்குப் பிறகும் சில கத்திகள் என் கையில் நீலம் ஏறியிருக்கின்றன. இல்லை என்று சொன்னால் பொய். எதையும் துடைத்ததில்லை. நிறத்தைக் காட்டி, அரத்தையும் உடையவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.