டியூப்லைட்டின் கீழ் ஒரு கற்பூரவல்லி

விஜயா அக்கா போய்விட்டார் என்று அவருடைய கணவர் போனில் சொன்னபோது, நான் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். அக்காவும் நானும் செல்லூரில் ஒரு நூல் குடோன் ஆபீஸில் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். செய்தியைக் கேட்டும் வழக்கம்போல ஆட்டோவில் ஏறி வேலைக்குத்தான் போனேன். அவருடைய காலி நாற்காலியைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

அந்த அறையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருப்பது ஒரே ஜன்னல். திறந்தால் அடுத்த தறிக்கூடத்தின் சுவர். அங்கேதான் அக்கா கற்பூரவல்லி வளர்க்கக் கிளம்பினார். முதலில் சாமி படத்துக்குப் போடும் சிவப்பு ஜீரோ வாட் பல்பை மாட்டினார். செடி வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய்ந்தது. அடுத்து மாட்டிய குண்டு பல்பின் சூட்டில் இலை கருகியது. பிறகுதான் வெள்ளை எல்இடி டியூப் ஒன்றைக் கயிற்றில் கட்டி, செடிக்கு ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டார். இலைக்கு மேல் கையை நீட்டிப் பார்ப்பார். "கை நிழல் பளிச்சுன்னு விழணும், கை சுடக் கூடாது. அம்புட்டுத்தான்" என்பார். காலையில் ஷட்டரைத் திறந்ததும் விளக்கைப் போடுவார், பூட்டும்போது அணைப்பார். ஒருமுறை நான் அணைக்க மறந்ததற்கு, "உன்னைய விடிய விடிய முழிச்சிருக்கச் சொன்னா இருப்பியாடி?" என்று கேட்டார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் சேருமுன் செடியை என்னிடம் ஒப்படைத்தார். "நான் திரும்பி வாரப்ப இது இப்படியே இருக்கணும்" என்றார். ஆயுத பூஜை வந்தது. தராசு, ஃபேன், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த நான், அக்காவின் விளக்கு என்ற பாசத்தில் டியூப் முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டேன். பூஜையில் பூசியதைத் துடைத்தால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அப்படியே விட்டேன். வெளிச்சம் மங்கிப்போய், சில வாரங்களில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிகள்தான் நின்றன. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலையில் துணி கட்டிக்கொண்டு அக்கா வந்தார்.

"நான்தான்க்கா கெடுத்துட்டேன்" என்றேன்.

அண்ணாந்து டியூப்பைப் பார்த்தவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். விளக்கை அணைத்துவிட்டு ஈரத் துணியால் துடைத்தார். குச்சிகளை ஒட்ட நறுக்கினார்.

"எனக்கு முடி போச்சு, இதுக்கு எலை போச்சு. ரெண்டு பேரும் சேந்து முளைப்போம்டி."

செடி துளிர்த்தது. அக்காவுக்கும் விரல்கடை அளவு முடி வளர்ந்தது. அதற்குள் நோய் திரும்பிவிட்டது.

இப்போது விளக்கைப் போடுவதும் அணைப்பதும் நான்தான். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்பு. அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். திட்டியிருந்தால் இன்று இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.