காலில் விழுந்த பிள்ளை

கண்ணாடிக்கு முன்னால் நின்று பழனிக்குமார் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டிருக்கிறான். குரலை உயர்த்த முடியாது. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஆகவே உதடு மட்டும் அசைய, "நான் ஒரு வெற்றியாளன். இந்த நாள் என் நாள்" என்கிறான். சொல்லி முடித்ததும் கண்ணாடியில் இருக்கும் ஆள் அதை நம்பினானா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறான். நம்பின மாதிரித் தெரியவில்லை. பிறகு வாளித் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறான். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் மனஉறுதி வளரும் என்று கைப்பேசியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் எல்லோரும் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் குளிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

வயது இருபத்தேழு. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பையோடு வந்து இறங்கினான். அப்புறம் அரசுத் தேர்வுக்குப் படித்தான், மொபைல் கடையில் நின்றான், சிநேகிதன் தங்கமுத்துவோடு சேர்ந்து காளான் வளர்த்துப் பார்த்தான். சோம்பேறி என்று அவனைச் சொல்லிவிட முடியாது. ஆரம்பத்தில் அவனைப் போல ஓடியாடி வேலை செய்ய ஆள் கிடையாது. நடுவில் எங்கேயோ, 'இது எதுக்கு?' என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும், அதோடு சரி. வழியில் யாராவது "இப்ப என்னப்பா பண்ற?" என்று கேட்டால், "பாத்துக்கிட்டிருக்கேண்ணே" என்பான். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

அப்பா அழகர்சாமிக்கும் அம்மா செல்லக்கிளிக்கும் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம்தான் உலகம். கெட்ட மனிதர்கள் இல்லை. மொட்டு பறிக்கவும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகவும் வாழ்நாளைச் செலவழித்ததில் பேசுகிற பழக்கம் விட்டுப்போனவர்கள். அம்மா சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அப்பாவோ, மகன் ஓசூரிலிருந்து திரும்பிய நாள் முதல் அவனிடம் நேராகப் பேசியதே கிடையாது. "அவன மோட்டாரப் போடச் சொல்லு." "அவன் சாப்டானான்னு கேளு." சொல்கிற அப்பாவுக்கும் கேட்கிற மகனுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தால் அதிகம். ஆனாலும் பேச்சு அடுப்படி வரைக்கும் போய் அம்மா வழியாகத்தான் திரும்பி வரும். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பழனிக்குமாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் வீட்டில் தான் ஒரு விருந்தாளியைப் போல, அதுவும் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போல, அவனுக்கு மனசு கூசியது.

இந்தக் கூச்சத்தைப் போக்கிக்கொள்ளத்தான் அவன் கைப்பேசிப் பேச்சாளர்களிடம் போய்ச் சேர்ந்தான். தண்ணீர் பாய்ச்சும்போது ஒருவர், வண்டி ஓட்டும்போது ஒருவர், சாப்பிடும்போது ஒருவர். எழுந்ததும் படுக்கையை நீங்களே மடித்து வையுங்கள் என்றார் ஒருவர். பழனிக்குமாருக்கு இருப்பது ஒரு கோரைப்பாய். அதை ஏதோ தேசியக் கொடியைச் சுருட்டுவது போல அவ்வளவு மரியாதையோடு சுருட்டினான். இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார் இன்னொருவர். என்ன எழுதுவது என்று அரைநாள் யோசித்தான். ஒன்றும் தோன்றாததால் 'இலக்கு' என்றே பெரிதாக எழுதி ஒட்டிவைத்தான். காகிதம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

போன ஆவணியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர் ரீனா மேடம், கோயம்புத்தூர்க்காரர். அவர் பேசப் பேச மண்டபத்தில் பாதிப்பேர் அழுதார்கள். பழனிக்குமாரும் அழுதான். வெட்கமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. போகும்போது வீட்டுப்பாடமாக மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னார் மேடம். உங்களைப் பிடித்துவைத்திருக்கிற பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுங்கள். வேண்டாத குழுக்களிலிருந்தும் சமூக ஊடகத்திலிருந்தும் வெளியே வாருங்கள். கடைசியாக, பெற்றோர் காலில் விழுந்து மன்னிப்புக் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், அவர்கள் மனசு திறக்கும்.

முதல் இரண்டையும் அந்த வாரமே முடித்தான். ஓசூரில் ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தை மாமா மகனுக்குக் கொடுத்தான். நல்ல சட்டைகளைத் தங்கமுத்துவிடம் கொடுத்து, "நீ போட்டுக்கடா, எனக்கு இனி வேணாம்" என்றான். வாட்ஸாப்பில் தன் படத்தை நீக்கிவிட்டு, மேடத்தின் குழு ஒன்றைத் தவிர எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறினான். மூன்றாவது காரியத்துக்குத்தான் துணிச்சல் வரவில்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மாவும் அப்பாவும் வரப்பில் உட்கார்ந்து பறித்த மொட்டுகளை ஈரத்துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு தடாலென்று விழுந்தான்.

"அம்மா, அப்பா... இம்புட்டு நாளா நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க. என்னைய வளத்ததுக்கு ரொம்ப நன்றி."

செல்லக்கிளி மடியிலிருந்த மொட்டெல்லாம் மண்ணில் கொட்டியது. அழகர்சாமி வாயைத் திறந்தார்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. சொல்லணும்னு தோணுச்சு."

அப்பா நேராகப் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் அவர் முகத்தை அவன் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் பெற்றவளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. கல்யாணத்தன்று காலில் விழுவார்கள், பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும்போது விழுவார்கள். சாதாரண வெள்ளிக்கிழமையில், ஒரு காரணமும் இல்லாமல், கடிகாரத்தையும் சட்டையையும் ஊராருக்குக் கொடுத்துவிட்டு வந்து ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவர்களுக்குத் தோன்றும். கீழத்தெருவில் ஒரு பையன் இப்படித்தான் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்து, மறுநாள் உயிரை மாய்த்துக்கொண்டான். அது நடந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. இதெல்லாம் பழனிக்குமாருக்கு நினைப்பிலேயே வரவில்லை.

அன்றிலிருந்து வீடு மாறிப்போயிற்று. சோற்றை வைத்துவிட்டுப் போகிற அம்மா, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்தாள். "செத்த நேரம் இருடா, வெஞ்சனம் இன்னும் இருக்கு" என்று வாழைக்காய்ப் பொரியலை அள்ளி அள்ளி வைத்தாள். அவன் செருப்பை மாட்டினால் போதும், அப்பாவின் குரல் வந்துவிடும்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"டீ குடிக்கப்பா."

"இரு, நானும் வாரேன்."

இருபத்தேழு வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிரே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனிக்குமாருக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பி வந்ததும் மேடத்தின் குழுவில், "ஒரே வாரத்துல எங்க அப்பா மாறிட்டாரு மேடம்" என்று தழுதழுத்து ஒரு குரல்பதிவு போட்டான். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. அடுத்த ஊர் வகுப்பில் மேடம் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாராம்.

விஷயம் வெளியே வந்தது மொட்டுப்புழுவால்தான். செடியில் புழு விழுந்திருப்பதைப் பார்த்து, அப்பா சொல்லாமலே மருந்தடித்து அவரை அசத்திவிடலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனான். பூச்சிமருந்து டப்பா ஒன்றுகூட இல்லை. தீர்ந்திருக்கும் என்று நினைத்து, அம்மாவின் தம்பி மூக்கையாவிடம் கொஞ்சம் கேட்கப் போனான். மாமா வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்து அறையில் பூட்டுப் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தன் வீட்டு டப்பாக்கள் அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தன.

மூக்கையா மாமா அவனைப் பார்த்ததும் மருமகனிடம் பேசுகிற மாதிரி பேசவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"எதுக்கு அப்பு ஒனக்கு மருந்து?"

"பூவுக்கு மாமா. எங்க டப்பா எப்புடி இங்க வந்துச்சு?"

"ஒங்கப்பந்தான் கொண்டாந்து வச்சாரு. அவன் கண்ணுல படக்கூடாது மாப்ளன்னு அழுதாரு. நான் எங்கக்கா கல்யாணத்துலருந்து அந்த மனுசனப் பாக்குறேன், அழுது பாத்ததில்ல. ஏலே, ஒனக்கு அப்படி என்னடா கொற? மனசுல உள்ளதச் சொல்லு."

பழனிக்குமார் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வரப்பு வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தான். வெஞ்சனம், டீ, 'நானும் வாரேன்' எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. இவ்வளவும் பாசமா, காவலா? உடனே போய், 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் எது முடியும் என்று யோசித்தபோதுதான் கால் பின்வாங்கியது. பயம் போய்விட்டால் அப்பா மறுபடியும் அடுப்படி வழியாகப் பேசுவார். அம்மா சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மேடத்திடம் கேட்டான். "ரிசல்ட் வந்துடுச்சில்ல? காரணத்தை ஏன் தோண்டுறீங்க? அப்படியே விடுங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது. சில நாள் அப்படியே விட்டான். அது தப்பு என்று தெரிந்தேதான் விட்டான். அத்தனை வருஷம் கழித்துக் கிடைத்ததை அவ்வளவு சுலபமாகக் கீழே வைக்க மனசு வரவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தான். கண் மூடியிருந்ததே தவிர தூங்கவில்லை. யாரோ மெதுவாக வந்து குனிந்தார்கள். மூக்குக்குக் கீழே, தொடாமல், ஒரு புறங்கை வந்து நின்றது. அதில் மல்லிகைக் காம்பின் பச்சை வாசனை அடித்தது. அவன் விட்ட மூச்சு அந்தக் கையில் பட்டதும் கை போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்புறத்தில் அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பழனிக்குமார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். தன்மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது.

மறுநாள் முகூர்த்தநாள். பூ மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. தரகர் கடையில் மொட்டை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் அப்பாவும் பிள்ளையும் ஒதுங்கினார்கள். டீ பாதி குடித்திருக்கும்போது பழனிக்குமார் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்பா, நான் சாகல்லாம் மாட்டேன்."

அழகர்சாமி டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். "யாரு அப்படிச் சொன்னா?"

"மாமா வீட்ல டப்பாவப் பாத்தேன்."

பூ மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை அப்பா காத்திருந்தார்.

"அப்பறம் எதுக்குடா கால்ல விழுந்த?"

"ஒரு வகுப்புக்குப் போனேன்ப்பா. அங்க சொன்னாங்க, வீட்ல நல்லாப் பேசுவாங்கன்னு."

"வகுப்பா? அங்க எதுக்குப் போன?"

இதற்குத்தான் அவன் தயாராக இல்லை. வெற்றியாளன், இலக்கு, மனஉறுதி, எத்தனையோ வார்த்தை படித்து வைத்திருந்தான். ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலப்பா" என்றான். அதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு மட்டும் என்னடா தெரியும்" என்றார் அழகர்சாமி. அது கோபமில்லை. கொஞ்சம் கழித்து, "ஒங்கம்மா தூங்குறதே இல்ல" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்ப்பா."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. தம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இனி எல்லாம் பழையபடிதான் என்று பழனிக்குமார் நினைத்துக்கொண்டான். வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. பழனி பஸ் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. ரோட்டில் இறங்கும்போது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிடிப்பது போல அப்பா அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் போயிற்று, ஆட்டோக்கள் போயின, இருவரும் ரோட்டைக் கடந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் அந்தப் பிடி இருந்தது. அப்பா எங்கேயோ பூக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிச் சாவி பழனிக்குமாரின் வலது பக்கப் பையில் இருந்தது. கையை விடச் சொல்லாமல், உடம்பை ஒருக்களித்து வளைத்து, இடது கையாலேயே அந்தப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.