ஷிகேயோவுக்கு முன்னால் குனிந்த போலீஸ்காரர்

வெள்ளிக்கிழமை வந்தால் என் பார்லரில் தள்ளுமுள்ளு நடக்கும். எல்லாம் அன்று வரும் வாரப் பத்திரிகையிலிருந்த ஒரு படக்கதைக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் ரவுடித்தனம் செய்து திரிந்த ஒருத்தியைப் போலீஸ் பிடிக்கிறது. ஜெயிலுக்கு அனுப்பாமல் ரகசியத் துப்பறிவாளர் ஆக்கிவிடுகிறது. அவள் இரும்புக் கம்பி வைத்த குடையோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சேர்ந்து அயோக்கியர்களை அடித்து நொறுக்குவாள். கடைசிப் பக்கத்தில் தான் யார் என்று சொல்வாள், எல்லாரும் வாயடைத்து நிற்பார்கள். 'குடைக்காரி' என்று பெயர். எங்கள் ஊர் அமகாசாகி முழுக்க அதைப் படிக்காத பெண்பிள்ளை கிடையாது.

என் கடைக்கு வந்தவர்களோ அசல் ரவுடிகள். பாவாடை தரையைக் கூட்டும். புருவத்தை நூல் மாதிரி பிடுங்கி வைத்திருப்பார்கள். தலைமுடியைச் செம்பட்டையாக்கிச் சுருட்டிவிட்டது நான்தான். அதனால் வாத்தியார்கள் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும், அவர்கள் பெண்டாட்டிகளும் என்னிடம்தான் முடி வெட்டிக்கொண்டார்கள்.

"யாசுயோக்கா, இந்த வாரம் குடையாலயே மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டாக்கா," என்பாள் ஒருத்தி.

"நீயும்தான் போன வாரம் குடையால என் கண்ணாடியை உடைச்ச. உன்னை எந்தப் போலீஸ் வேலைக்கு எடுத்துச்சு?" என்பேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கத்சுயே. மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம். எல்லாரும் பெரியக்கா என்பார்கள். அவளுக்கு அடுத்தவள் ஷிகேயோ, பதினேழு வயது, அதிகம் பேசமாட்டாள். நான் சொல்ல வந்தது இவள் கதை.

அவர்களுக்குள் மரியாதை என்றால் ராணுவம் தோற்றுவிடும். கூடப் படிப்பவளுக்குத் தலையசைத்தால் போதும். ஒரு வருஷம் மூத்தவளுக்கு நெஞ்சு வரை குனிய வேண்டும். பெரியக்காவுக்கு இடுப்பை மடித்து, கண் தன் முழங்காலைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கன்னம் பழுக்கும். யார் யாருக்கு எவ்வளவு குனிகிறார்கள் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள். அவன் இவனிடம் கடன் வாங்கியிருக்கிறான், இவள் அவளுக்குப் பயப்படுகிறாள் என்று என் ஜன்னலருகில் உட்கார்ந்தபடியே சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஷிகேயோவுக்கு அப்பா இல்லை. ஓடிப்போனவர். அம்மாவுக்கு ஈரல் கெட்டுப் படுக்கை. வீட்டில் அவள் உயிரை வைத்திருந்தது தங்கை மினே மேல். மினேவுக்குப் பதினாலு வயது. அந்த வருஷம் கோடையில் மினே பெயிண்டில் கலக்கும் தின்னரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முகர ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் அப்போது பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் கிடந்தார்கள். சோறு இறங்காது, பல் பொடியும், பேச்சு குழறும்.

சிறுவர் பிரிவில் குவாபாரா என்று ஒரு போலீஸ்காரர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். திங்கட்கிழமை என் கடைக்கு விடுமுறை. அன்று பின்வாசல் வழியாக ஷிகேயோவை வரச்சொல்லி, அவரும் வந்தார். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"உன் தங்கச்சி பேரு என் மேசைக்கு வந்திருச்சு. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புன்னு மேல சொல்றாங்க," என்றார்.

"அவளுக்குப் பதிலா நான் போறேன் சார்."

"ரேஷன் வரிசையாம்மா அது, ஆள் மாத்தி நிக்க?" அலமாரியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். "இந்தப் பொண்ணு பாக்குற வேலைதான் நான் உன்கிட்ட கேக்குறது."

"குடை குடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"குடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தின்னர் யாருகிட்டேருந்து வருது? அதை மட்டும் சொல்லு. உன் தங்கச்சி பேரை நான் எடுத்துர்றேன்."

யாரிடமிருந்து வருகிறது என்று எனக்கே தெரியும். கத்சுயேவின் காதலன் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்த்தான். அவன் பெயரைச் சொல்வது கத்சுயேவின் கழுத்தில் கத்தி வைப்பது. ஷிகேயோ அன்று பெயரைச் சொல்லாமலே போய்விட்டாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சில வாரம் கிடந்தாள். அப்புறம் ஒருநாள் ரயில் பாலத்தடியில் மினே நினைவில்லாமல் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஷிகேயோ அவளை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அடுத்த திங்கட்கிழமை பெயரைச் சொல்லிவிட்டாள்.

காதலன் பிடிபட்டான். யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியாமல் கத்சுயே வெறிபிடித்து அலைந்தாள். இரண்டு பெண்களை அடித்தும் பார்த்தாள். மினேவுக்குத் தின்னர் கிடைக்கவில்லை. நடுங்கினாள், கத்தினாள், பிறகு மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் அக்காவும் தங்கையும் என் கடைக்கு எதிரே நின்று ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டதைப் பார்த்தேன். மினே சூப்பை உறிஞ்சிக் குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டினாள். ஷிகேயோ அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். நான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சந்தோஷம், அதனால் சொல்லிவைக்கிறேன்.

டிசம்பரில் அம்மா போய்ச்சேர்ந்தாள். குடியிருப்புக் கூடத்தில் சடங்கு. தெருப் பெண்கள் நாங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டோம். வாசலில் வருகிறவர்களை வரவேற்கும் மேசையில் நிற்கச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கத்சுயேவும் அவள் பெண்களும்தான் நின்றார்கள். முகப்பூச்சைக் கழுவி, முடியை இழுத்துக் கட்டி, வந்தவர்கள் தரும் துக்கப் பண உறையை இரண்டு கையாலும் வாங்கி, பதிலுக்குத் தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று கிழவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது குவாபாரா வந்தார்.

கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. உறையைக் கொடுத்தார், உள்ளே போனார், ஊதுவத்தி வைத்தார். எல்லாம் சரி. பகுதிப் போலீஸ்காரர் துக்கத்துக்கு வருவது உலக வழக்கம்தான். திரும்பும்போது ஷிகேயோவுக்கு முன்னால் நின்றார். கையைத் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பை மடித்து, முழங்காலைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே நின்றார். பெற்ற உதவிக்கு ஒரு மனிதன் எப்படிக் குனிவானோ அப்படி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நானே பார்த்தேன்.

எங்கள் ஊரில் போலீஸ்காரன் அந்தப் பெண்களைக் கண்டால் பாவாடையை அளப்பான், பையைக் கொட்டிப் பார்ப்பான். குனிய மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தோம், அந்த மனுஷன் மரியாதை என்கிற கரண்டியால் அதைத் தோண்டி எடுத்து வைத்துவிட்டுப் போனார். கத்சுயே தேயிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க," என்று முறைப்படி சொன்னாள். பிறகு திரும்பி ஷிகேயோவைப் பார்த்தாள்.

மறுநாள் கத்சுயே என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடி வெட்டச் சொல்லவில்லை.

"அக்கா, எந்தப் போலீஸ்காரனாவது உங்களுக்கு அந்த மாதிரி குனிஞ்சிருக்கானா?"

"எனக்கு எவன் குனிவான்?"

"எனக்கும் எவனும் குனிஞ்சதில்ல." கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகட்டும். செத்தவங்க காரியம் முடியட்டும். அதுக்கு நடுவுல கை வச்சா நாங்க மனுஷங்களே இல்ல."

சொன்னபடி செய்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் வரை ஒவ்வொரு ஏழாம் நாளும் ஷிகேயோ வீட்டுக்குப் போய் அவள் அம்மா படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினாள். ஷிகேயோ டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். இருவருக்கும் தெரியும். இப்படி ஒரு கொடுமையை நான் எந்தப் படக்கதையிலும் பார்த்ததில்லை.

"மினேவைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது ஓடிரு," என்றேன் ஷிகேயோவிடம்.

"அவ வரமாட்டேங்கிறாக்கா. கூட்டாளிங்களை விட்டுட்டு வரமாட்டாளாம். நான் மட்டும் போனா, அவ இங்க தனியா சிக்கிக்குவா."

குவாபாராவை என் கடைக்கு வரவழைத்தோம். ஷிகேயோ சுற்றி வளைக்கவில்லை.

"ஏன் சார் அப்படிக் குனிஞ்சீங்க?"

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது. "உங்கம்மா இறந்துட்டாங்க. நீ எனக்கு அவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்க. நான் குனியாம எப்படிம்மா போவேன்?"

"பெரியக்கா பாத்துட்டாங்க. இனிமே என்னை என்ன பண்ணப்போறீங்க?"

"உன் பேரு எங்கயும் எழுதலம்மா. உன் நல்லதுக்குத்தான் எழுதல. எழுதாத ஆளுக்கு நான் எப்படிக் காவல் போடுறது? ஏதாவது நடந்தா வந்து புகார் குடு."

"நடந்தப்புறமா?"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். மறுபடி குனிந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வசந்த காலத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கத்சுயேவின் கூட்டம் முக்கோ ஆற்றங்கரைக்கு ஷிகேயோவை அழைத்தது. தானாகவே நடந்து போனாள். நான் அங்கே இல்லை. பிறகு அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். முடியைக் கத்தரித்துக் கொத்துக் கொத்தாக விட்டிருந்தார்கள். நான் அதைச் சீராக்கினேன்.

முடியோடு விட்டிருந்தால் தேவலை. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரோகம் செய்தவளுக்குச் சூடு வைப்பது அவளுக்கு மிக நெருங்கியவளாக இருக்க வேண்டும். வைத்தால் அவள் நம்மவள், வைக்காவிட்டால் அவளுக்கும் அதே சூடு. கத்சுயே பற்றவைத்த சிகரெட்டை, அங்கே வரவழைத்திருந்த மினேவிடம் நீட்டினாளாம். மினே அழுதுகொண்டு பின்னால் போனாளாம். ஷிகேயோதான் தன் இடது கையைத் தரையில் விரித்து வைத்திருக்கிறாள்.

"'சீக்கிரம் வைடி, கையை ஆட்டாதே'ன்னு நான்தான் சொன்னேன்க்கா," என்றாள். "அவ மேல கை வைக்க விட்டுருவேனா?"

புறங்கையில் ஐந்து இடத்தில் வெந்திருந்தது. மருந்து போட்டேன். அப்போதும் அவள் அழவில்லை. அழுதது அதற்கடுத்த வாரம், மினே வீட்டை விட்டுப் போனபோது. மினே சுட்ட கையோடு அக்கா சோறு போடுகிறாள், அதை எந்தத் தங்கை தின்பாள்? முகத்தைப் பார்க்க முடியாமல் கத்சுயே அறைக்கே குடிபோய்விட்டாள். காதலன் கோடைக்கு முன் வெளியே வந்தான். தின்னரும் வந்தது. எதைத் தடுக்க ஷிகேயோ அத்தனையும் செய்தாளோ, அது முன்னைவிட இரண்டு மடங்காக நடந்தது.

பள்ளிக்கூடமும் தன் பங்கைச் செய்தது. கையில் சூட்டுத் தழும்பு இருந்தால் ரவுடிக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று அர்த்தமாம். ஷிகேயோவின் பெயரை அடித்துவிட்டார்கள். போலீஸுக்கு உதவினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். எந்த ஏட்டிலும் எழுதாத உதவியை யார் நம்புவார்கள்?

அவள் மீனை அரைத்துக் கட்டிகளாகச் செய்யும் ஆலையில் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான். 'குடைக்காரி'க்கு என்ன குறை? டிவியில் வந்தது, சினிமாவாக வந்தது, நாயகியாக நடித்த பெண் பாட்டும் பாடினாள், பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் குடை விற்றது. என் பார்லரிலும் டிவி வைத்தேன். வியாழன் சாயங்காலம் சின்னப் பெண்கள் குளிர்பானத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசியில் அவள் தான் யாரென்று சொல்லும்போது கைதட்டுவார்கள். கதையை வரைந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. கதை என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எழுந்து போய் டிவியை அணைத்துவிடலாமா என்று இருக்கும். அணைத்ததில்லை.

மினேவை ஒசாகாவில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஷிகேயோ கூட்டிவந்தாள். அப்போது மினேவுக்கு இருபத்திரண்டு வயது. முன்பற்கள் இல்லை. நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காது. அக்காவை அடையாளம் தெரிகிறது, அது ஒன்றுதான் மிச்சம். ஆலையில் வேலை இருக்கும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் என்னிடம் கூட்டிவருவாள். தங்கையின் தலையை அலசும் வேலையை என்னிடம் விடமாட்டாள், தானே செய்வாள்.

போன திங்கட்கிழமை மினே தொட்டியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஷிகேயோ வெந்நீரை ஊற்றி நுரையைத் தேய்த்தாள். மினே சட்டென்று அந்த இடது கையைப் பிடித்து முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"சூடு பட்டுச்சு."

"தானாவா பட்டுச்சு?" தழும்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "யாரு வச்சா?"

"விடுடி."

"எந்தச் சிறுக்கி உனக்குச் சூடு வச்சா? சொல்லுக்கா. நான் போலீஸ்ல சொல்றேன். அவளைச் சும்மா விடமாட்டேன்."

நான் துண்டுகளை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஷிகேயோவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"யாரோ வச்சா. ரொம்ப நாளாச்சு, மறந்து போச்சு. கண்ணை மூடு, நுரை உள்ள போயிரும்."

மினே கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் திங்கட்கிழமையும் அதையே கேட்டாள்.