வெள்ளி நிற நாய்களும் ஆறு மணிச் சம்பந்தமும்

கொட்டாஞ்சேனையில், பென்சிலுக்குள் வைக்கும் காரீயத்தைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்றில் பத்து வருடமாகக் கிளாக்கர் வேலை பார்க்கிறேன். காரீயம் தோண்டும் இடத்தை மட்டும் கண்டதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்ததும் நண்பன் துரைசிங்கத்தின் ஒஸ்டின் காரில் கிளம்பிவிட்டோம். ஒரே நிபந்தனை, மாலை ஆறு மணிக்கு அவன் வெள்ளவத்தையில் பெண் பார்க்கப் போய் நிற்க வேண்டும். இரண்டு சம்பந்தங்கள் குழம்பிய பிறகு வந்தது இது. பெண்ணின் படம் அவன் சட்டைப்பையை விட்டு இறங்குவதே இல்லை. விடியவே வெள்ளைக் கோட்டும் காற்சட்டையுமாக வந்து நின்றான். மாற்றுடுப்பு எடுத்துவா என்று சொல்லாதது என் பிழை.

ஐந்தரைக்குப் புறப்பாடு. களனிப் பாலம் கடந்து கண்டி ரோட்டில் முப்பத்தாறு மைல். ஏழு மணிக்கு வரக்காப்பொலையில் எள்ளுருண்டையும் தேநீரும், இருவருக்கும் இருபது சதம். கேகாலைக்கு முன்பாக வலப்பக்கம் திரும்பினால் ரப்பர் தோட்டங்களுக்கிடையே செம்மண் பாதை. பழைய காரீய ஊர்கள் அங்கேதான்.

பெரிய யுத்தத்தில் பணம் கொழித்த முதலாளிமார் கட்டிய மாளிகைகளில் இப்போது ஆடுகள் குடியிருக்கின்றன. நிறக் கண்ணாடி யன்னலால் ஓர் ஆடு வீட்டுக்காரத் தோரணையில் எங்களை எட்டிப்பார்த்தது. தேத்தண்ணிக் கடைச் சுவர், ஆட்கள் உட்காரும் வாங்கு, வாசலில் படுத்திருந்த நாய்கள், எல்லாமே காரீயப் பொடி படிந்து வெள்ளி மாதிரி மினுங்கின. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு சுரங்கத்தில் இன்னும் வேலை நடந்தது. சப்பாத்தோடு குழிப்பக்கம் போகக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். கழற்றினோம். பொடி படிந்த பலகையில் வெறுங்காலை வைத்த துரைசிங்கம் வழுக்கி முகங்குப்புற விழுந்தான். எழும்பியபோது அவனும் மினுங்கினான்.

"தண்ணியும் சவுக்காரமும் போட்டால் போயிடும் மச்சான்" என்று துணிந்து சொன்னேன். கிட்டங்கியில் காரீயம் தரம் பிரிக்கும் பெண்கள் கை கழுவுவதைத் தினமும் பார்ப்பவன் அல்லவா நான்? அதற்கு முதல் அவர்கள் தேங்காயெண்ணெய் பூசித் துடைப்பது என் மேசையிலிருந்து தெரியாது. தண்ணீர் பட்டதும் கருமை காதுவரை பரவியது. சுரங்க ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எண்ணெய் தந்தார்கள். பின்னேரம்வரை துடைத்ததில் முகம் பாதி தேறியது. உடுப்புத் தேறவில்லை.

ருவன்வெல்லை, அவிசாவளை வழியாகத் திரும்பி, ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வெள்ளவத்தை சேர்ந்தோம். வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரமில்லை. வழியில் கார் பழுதாகிவிட்டது என்று சொல்லச் சொன்னேன். ஓம் என்றான். பெண்ணின் தகப்பனார் அவனை மேலும் கீழும் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"காரீயக் குழி பார்க்கிற ஆசையிலை போனனான் ஐயா. விழுந்திட்டன்."

 தேநீர் கொண்டுவந்த பெண் மட்டும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் மரியாதைக்கு மழையைப் பற்றிக் கதைத்து எங்களை அனுப்பி வைத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் நூற்றுப்பத்து மைல், பெற்றோல் ஐந்து கலன். வேலை நாளில் போங்கள், வெள்ளை உடுத்தாதீர்கள், அன்று மாலை எங்கேயும் வருவதாகச் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் காலை நான் துரைசிங்கம் வீட்டில் இருக்கையில் கல்யாணத் தரகர் வந்தார். இதுவும் போய்விட்டது என்றே துரைசிங்கம் தலைகுனிந்து இருந்தான். பெண் தகப்பனிடம் சொன்னதைத் தரகர் அப்படியே சொன்னார்:

"கார் பழுதெண்டு சொல்லித் தப்பியிருக்கலாம் அப்பா. அவர் சொல்லேல்லை. எனக்குச் சம்மதம்."