மஞ்சள் தண்ணீரில் நனைந்த சப்பாத்து

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போவில் குழந்தைகளுக்கென்றே இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு அதே ஊரின் சிலிபின் பகுதியில். வயது முப்பத்து நான்கு, எடை எண்பத்தெட்டு கிலோ. எடையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் எனக்குப் பெரிய எதிரியே அதுதான்.

எங்கள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் வந்துவிட்டன. இரண்டையும் வேனில் கொண்டுவந்தவன் நான்தான். அதில் ஒன்று என் கை நீளம்கூட இல்லை. வேறு வழியில்லாமல் இரண்டையும் அந்த ஒரே பெட்டிக்குள் தலைமாற்றிப் படுக்கவைத்து ஒப்பேற்றினார்கள். நல்லவேளை, இரண்டும் பிழைத்துக்கொண்டன. மூன்றாவதாக ஒன்று வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

எங்கள் மேட்ரன் ஒரு சீனப் பெண்மணி. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஈப்போவில் மாரத்தான் நடக்கப்போகிறது. இருபத்தாறு மைல். நம்மில் ஒருவர் ஓட வேண்டும். கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாம் அட்டையில் கையெழுத்துப் போட்டு இவ்வளவு தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால் அந்தப் பணத்தில் இரண்டாவது பெட்டி வாங்கலாம். முடிக்காவிட்டால் ஒரு காசும் கிடையாது.

ஒரு கையும் உயரவில்லை. ஆபீஸ் கிளார்க் மட்டும் என் பக்கம் திரும்பி, "அண்ணன ஓட வுடுங்க லா. வேன் டயரவிட அண்ணன் வயித்துலதான் காத்து ஜாஸ்தி" என்றான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய், நான் தோட்டத்துல பொறந்தவன்டா! இருபத்தாறு மைலெல்லாம் எனக்குப் பசியாறுற நேரம்!" என்று கத்திவிட்டேன்.

"போலே?" என்றார் மேட்ரன். முடியுமா என்று மலாயில் கேட்கிறார்.

"போலே, போலே!" என்றேன். நான் வாயை மூடுவதற்குள் என் பெயரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை சிலிபினில் என் பயிற்சியைத் தொடங்கினேன். அரை மைல் ஓடியதும் ஒரு காப்பிக்கடை வந்தது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். குழம்பு தொட்டு இரண்டு ரோத்தி சானாய், குடிக்க ஒரு தே தாரேக். திரும்பி வந்தது பஸ்ஸில். அதற்குள் பாதி சிலிபின் என்னைப் பார்த்துவிட்டது. "என்னா அண்ணே, பஸ்ஸத் தவற விட்டுட்டீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்!

இது சரிப்படாது என்று, நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பழகுவதென்று முடிவு செய்தேன். ஈப்போவிலிருந்து அரை மணி நேர மோட்டார் சைக்கிள் பயணம். லாரிக் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டுச் செம்மண் சாலையில் ஓடினால் ஒரு தெரிந்த முகமும் பார்க்காது என்பது என் கணக்கு. தோட்டத்து ஜனங்கள் சூரியனுக்கு முன்னால் எழுந்துவிடுவார்கள் என்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்த நான் எப்படித்தான் மறந்தேனோ!

முதல்நாளே பால்மரம் வெட்டப் போகிற பெண்கள் கூட்டம் எதிரே வந்துவிட்டது. நெற்றியில் விளக்கு, தோளில் வாளி. கூட்டத்துக்கு முன்னால் வந்தவரைத் தோட்டமே பெரியக்கா என்று கூப்பிடும். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் வாய்க்கு, வேலை வாங்குகிற மண்டோரே ஒதுங்கிப் போவார்.

"டேய், யாருடா ஒன்னையத் தொரத்துறா?"

"யாரும் தொரத்தலக்கா. நான் ஓடுனா ஆஸ்பத்திரிக்குக் காசு குடுப்பாங்க. அதுக்குத்தான்."

"யாரு குடுப்பா?"

"கடைக்காரங்க, ஆபீஸ்காரங்க."

"நீ ஓடுனா அவங்களுக்கு என்னாடா லாபம்?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"குடுக்கணும்னு மனசு இருந்தா நீ ஓடாமலே குடுக்கலாமே. எதுக்கு ஒன்னைய ஓட வுட்டு வேடிக்க பாக்குறாங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் தினமும் அதே இடத்தில் மறித்து அதே கேள்வியைக் கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வராதா? ஐந்தாம் நாள் மேட்டில் ஏறி நாக்குத் தள்ளிப்போய் நின்றபோது மறுபடியும் ஆரம்பித்தார். எனக்கு வந்த எரிச்சலில், "புள்ளைங்களுக்காக ஒரு வேண்டுதல்னு வச்சுக்குங்களேன்! ஆள வுடுங்கக்கா!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். பெரியக்கா தலையிலிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வழிவிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா, தம்பி" என்றார். டேய் போய்த் தம்பி வந்துவிட்டது.

நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் செய்தி தோட்டத்து பஸ்ஸில் ஏறி சிலிபினுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் சாம்பார், புடலங்காய்க் கூட்டு. கோழியைக் காணோம். கட்டிலில் படுக்கப் போனால் தரையில் பாய் விரித்திருக்கிறது.

"என்னாடி இது?"

"வேண்டுதல்னு ஒங்க வாயால சொன்னீங்களா இல்லியா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

"சாமி விஷயத்துல பேச்சுக்குன்னு ஒண்ணு இருக்கா? ஓடி முடிக்கிற வரைக்கும் கறி இல்ல, மீன் இல்ல, பீரு இல்ல. வீட்டுக்குள்ள நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

கோயிலுக்கு நான் போவதே பொங்கல் சோற்றுக்காகத்தான். எனக்கு இப்படி ஒரு விரதம்! முதல் இரண்டு வாரம் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் வாசனை வந்தால் எனக்குக் கண்ணே கலங்கும். ஆனால் அதிசயம் பாருங்கள், மூன்றாவது வாரம் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் பதினொரு கிலோ போய்விட்டது. அரை மைலுக்கு உட்கார்ந்தவன் பத்து மைல், பதினைந்து மைல் என்று ஓட ஆரம்பித்தேன். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, குளிர்ந்த காற்றில் செம்மண்ணில் ஓடும் சுகம் இருக்கிறதே, அதை அதுவரை நான் அனுபவித்ததே இல்லை. மேட்டில் ஏறும்போது ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து, "நிக்காத தம்பி, போயிட்டே இரு!" என்று குரல்கள் வரும். எனக்குச் சிரிப்பும் வரும், வேகமும் வரும்.

ஆனால் ஒரு சங்கடம் சேர்ந்தே வளர்ந்தது. வேண்டுதல் எடுத்தவன் கையில் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் வழியில் நின்று ஒரு முடிச்சை என் கையில் வைப்பார். கூடவே ஒரு வார்த்தை. "என் மவளுக்கு இழுப்பு, தம்பி." "எம் பேரனுக்கு இன்னும் பேச்சு வரல." "போன வருசம் ஒண்ணு போயிடுச்சு, இது தங்கணும்." நான் தலையாட்டி வாங்கிக்கொள்வேன். மேட்ரனிடம் கொடுத்தால் அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டுவார். மஞ்சள் துணி எதற்கு என்று கேட்டபோது, "தோட்டத்து ஸ்டைல், மேடம்" என்று சமாளித்தேன். ராத்திரி பாயில் புரளும்போது நெஞ்சு குறுகுறுக்கும். சாமியிடம் நான் எதுவுமே வேண்டிக்கொள்ளவில்லையே! எரிச்சலில் சொன்ன ஒரு பொய்க்கு இத்தனை பேர் பிள்ளைகளை நம்பிக் கொடுக்கிறார்களே! உண்மையைச் சொல்லலாமென்றால், துணியைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். இப்படியே ஓட்டத்துக்கு முதல்நாள் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்கு ஈப்போ திடலில் கிளம்பினோம். சீனர், மலாய்க்காரர், பஞ்சாபி, இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள், நான். பாதை ஊருக்கு வெளியே போய், எங்கள் தோட்டத்துச் சந்தியைத் தொட்டுத் திரும்பும். சந்தி வரும்போது இருபது மைல் முடிந்திருந்தது. மணி பத்து. இன்னும் ஆறு மைல்தான், கையில் இரண்டு மணி நேரம். நடந்தே போனால்கூடச் சேர்ந்துவிடலாம் என்று மனதுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினேன் பாருங்கள்.

சாலையின் இரண்டு பக்கமும் தோட்டத்துப் பெண்கள். குடம், வாளி, தேக்சா. எல்லாவற்றிலும் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. தைப்பூசத்தில் காவடி எடுத்து வருகிறவர்கள் காலில் ஊற்றுவார்கள் இல்லையா, அதே மாதிரி ஊற்றத் தயாராக நிற்கிறார்கள். எனக்கு முன்னால் ஓடிய வெள்ளைக்காரரைப் பிடித்து நிறுத்தி ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள். அவர் ஏதோ குளிர்ச்சிக்காகச் செய்கிற ஏற்பாடு என்று நினைத்து, முழங்காலையும் காட்டி ஊற்றச் சொல்லி, கடைசியில் கைகூப்பிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் ஓடிய மலாய் போலீஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே எட்டிக் குதித்துத் தப்பித்தார்.

"சப்பாத்து! சப்பாத்து நனையுதுக்கா! வேணாம்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? ஆறேழு குடம் என் காலில் கவிழ்ந்தது.

அடுத்த ஒரு மைல் சப்பாத்து சளக் சளக்கென்று பேசிக்கொண்டே வந்தது. அப்புறம் குதிகால் எரிந்தது. பிறகு பெருவிரல். ஒரு மதகின் மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினால், இரண்டு காலிலும் தோல் உரிந்து சதை தெரிகிறது. ஈரச் சப்பாத்தை மறுபடி மாட்ட முடியவில்லை. வெறும் காலோடு எழுந்தால் தார் கொதிக்கிறது. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மணி பத்தரை தாண்டிவிட்டது. பெட்டி போச்சு. அதை நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சைக்கிள் மணி. பெரியக்கா! பின் சீட்டில், பால் ஊற்றும் வாளியில் மிச்சத் தண்ணீர். நான் ஈரச் சப்பாத்தோடு தடுமாறிப் போனதைப் பார்த்துவிட்டுத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, இது வேண்டுதலே இல்லக்கா. அன்னிக்கி ஒங்க தொல்ல தாங்காம சும்மா சொன்னேன். நான் சாமிகிட்ட ஒண்ணும் கேக்கல. எல்லாத்தையும் ஏமாத்திட்டேன். ஓடி முடிக்கவும் முடியல. துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்" என்று கொட்டிவிட்டேன்.

பெரியக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று குனிந்துகொண்டேன்.

"ஏன்டா, நீ வேண்டிக்கிட்டதுனாலயா நாங்க துணி முடிஞ்சோம்?" என்றார். "கோயில் பக்கமே வராத பய நீ. எங்களுக்குத் தெரியாதா? வேண்டிக்கிட்டது நாங்கடா. நீ வெறும் காலு. காலுக்கு என்னா பேச்சு? எந்திரி!"

மறுபடியும் ஒரு காலைத் தாரில் வைத்துப் பார்த்தேன்.

"காலு சுடுதுக்கா" என்றேன் சின்னக் குரலில்.

"அதுக்குத்தானே தண்ணி இருக்கு. போலாம் வா."

எழுந்தேன். புல் இருக்கும் இடத்தில் புல்லில் ஓடினேன், இல்லாத இடத்தில் தாரில் ஓடினேன். கால் கொதிக்கும்போதெல்லாம் அவர் ஒரு குவளை மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் தீர்ந்தால் வழியில் எந்தக் கடைக் குழாயையும் விடவில்லை. "சீக்கிரம்டா, ஆமை! எங்க புள்ளைங்க காத்திருக்கு!" என்று நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடினேன்.

திடலுக்குள் நுழையும்போது பன்னிரண்டடிக்க நான்கு நிமிடம். எனக்குப் பின்னால் யாருமே இல்லை. தாதிகள் தட்டையும் கரண்டியையும் வைத்து டமடமவென்று அடிக்கிறார்கள். நுழைவாயிலில் ஒரு தொண்டர், சைக்கிள் உள்ளே போகக்கூடாது என்று பெரியக்காவை மறித்தார். "அப்ப நீ புடி" என்று சைக்கிளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு ஓடிவந்தார் பெரியக்கா! முடிவுக் கோட்டை இருவரும் ஒன்றாகத்தான் தாண்டினோம். என் பெயர் பட்டியலில் கடைசியாக ஏறியது. மேட்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மொழியிலும் அழுதார். கிளார்க் ஓடிவந்து என் காலைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றான். "போடா, போய்ச் சோறு வாங்கிட்டு வா. கோழிக் கறியோட!" என்றேன்.

சில மாதங்களில் புதுப் பெட்டி வந்தது. பெரியக்காவும் அவர் கூட்டமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். உள்ளே இரண்டு நாள் வயதான ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது. யார் வீட்டுக் குழந்தை, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டமே நடுங்கும் குரல்காரரான பெரியக்கா, கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூச்சு வுடுதுடி" என்று மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை, கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு முன்னால், எதைச் செய்தாலும் நான் செய்தேன் என்று மார்தட்டுகிற ஆள் நான். இப்போது யாராவது ஒரு நல்ல காரியத்துக்காக என்னைப் பாராட்டினால், இதை எனக்கு முன்னாலேயே யாரெல்லாம் மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. அன்று அவர்களுடைய வேண்டுதலுக்கு வெறும் காலாக இருந்ததில் எனக்கு இன்றுவரை அவ்வளவு சந்தோஷம்.