சேறு படாத சேற்று வண்டிகள்

சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்றே செய்த குட்டி பேட்டரி பைக்கை, பிள்ளை காலில் தூசு படக் கூடாது என்று நினைக்கும் பெற்றோரிடம் விற்பதுதான் என் பிழைப்பு. கடையில் நின்று காலம் தள்ளும் சகாக்களே, உங்களிடம் அழாமல் வேறு யாரிடம் அழுவேன்? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாலு வண்டியாவது போகாவிட்டால், முதலியார்பேட்டைக் கடையைக் கேக் கடை ஆக்கிவிடுவேன் என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். எனக்கோ, ஒரு பிள்ளையாவது இதில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சத்தம்

கருவடிக்குப்பத்திலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். பையன் ஏறி உட்கார்ந்தவன் இறங்க மாட்டேன் என்கிறான். அப்பா குனிந்து மோட்டார் பக்கம் காதை வைத்தார். புகை இல்லை, சத்தம் இல்லை, அதுதான் இதன் பெருமை என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவர் பையனை அப்படியே தூக்கி இறக்கினார்.

"வண்டின்னா நாலு வீட்டுக்குக் கேக்க வேணாமா சார்? இது திருடன் மாதிரி போவுது."

பூஜை

எப்படியோ ஒரு குடும்பம் வாங்கியது. கடை வாசலிலேயே பூஜை, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். சத்தமே இல்லாததால் வண்டி ஆஃபில் இருப்பதாக நினைத்து, சந்தனம் வைக்கப்போன அப்பா ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டார். பழங்களை நசுக்கிக்கொண்டு, ஆளில்லாமல் ரோட்டைத் தாண்டிய வண்டி, எதிரே இளநீர்க் குவியலில் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று நான் துடைத்துத் துடைத்துக் காட்டினேன். அம்மா கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"சாமியே வேணாம்னு சொல்லிடுச்சு சார். நீங்களே வச்சிக்குங்க."

கவசம்

பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் குடும்பத்து மதாம் ஒருவர், பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் தங்கை மகனுக்காக வந்தார். ஹெல்மெட், முட்டிக் கவசம், முழங்கைக் கவசம், கையுறை என்று எல்லாவற்றையும் அளவு பார்த்து எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எந்த நிற வண்டி மதாம் என்றேன். அவர் பதறிப்போனார்.

"நோன், நோன் தம்பி! வண்டி வேணாம். புள்ளையை முழுசா அனுப்பி வைக்கணும்."

தேங்காய்த்திட்டு

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் விற்கும் அஞ்சலை அக்கா ஒரே பேச்சில் வண்டி வாங்கினார், பத்து வயது மகள் நிஷாவுக்கு. ஓட்டி முடித்ததும் தினமும் கழுவி வை என்று நிஷாவிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் மணல்மேட்டில் அந்தப் பெண் ஏறி, தாவி, இறங்கி, திரும்பவும் ஏறுகிறாள். என் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. நான் சொன்னதைக் கேட்டு முதலாளியே இளகிப்போய், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் அவளை ஓட்டிக்காட்டச் சொன்னார். அன்றும் யாரும் வாங்காவிட்டால் கேக் கடைதான் என்று பேச்சு.

ஞாயிறு காலை முப்பது பேர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். நிஷாவின் வண்டி லோடு ஆட்டோவில் வந்தது. சாவியைத் திருப்பினால் விளக்குகூட எரியவில்லை. மூடியைக் கழற்றினேன், உள்ளே ஒயரெல்லாம் பச்சை பூத்து, உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. முதலாளி உள்ளே போய்விட்டார். எந்தத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிஷா அழாமல் என்னையே பார்த்தாள்.

"நீங்கதானண்ணா தெனம் கழுவச் சொன்னீங்க? எங்க படகைக் கழுவுற மாதிரியே, கடல் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக் கழுவினேன்."

இப்போது அதே கடையில் கேக் விற்கிறேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, சேற்றில் ஓடும் பைக் மாதிரி ஒரு கேக்.