நான் தாண்டிப் போன அழுகைப் பாட்டுகள்

அந்தப் புண் வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

சகோதர சகோதரிகளே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் நான் நன்றிகெட்டவன். என் வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். என் பெயர் ஞானமுத்து. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் பச்சைத் தோல் சுமப்பவன். வண்டியில் வரும் மாட்டுத்தோலை இறக்கி, உப்பு உதறி, தோளில் போட்டுச் சுண்ணாம்புத் தொட்டிக்குக் கொண்டுபோவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபவீட்டில் வேதம் வாசிப்பவனும் நான்தான். நல்ல குரல் என்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, கழுத்தின் வலப்பக்கம் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு கண்டது. செவ்வாய்க்கிழமை கொப்புளமானது. புதன்கிழமை அதன் நடு கரியாய்க் கறுத்துவிட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. போன வருஷம் என்னோடு தோல் சுமந்த பொன்னனுக்கு முழங்கையில் இதே புண் வந்தது. "வலிக்கல, வுடு" என்று சிரித்தான். ஆறாம் நாள் அவனை அடக்கம்பண்ணினோம். அடைப்பான் நோய் கண்டு செத்த மாட்டின் தோலிலிருந்து மனுஷனுக்கு ஒட்டுவது இது என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடம் சளி என்றேன். சொன்னால் வேலைக்கு வராதே என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. போன ஞாயிறுதான் ஜெபவீட்டில் எழுந்து, விசுவாசி பயப்படலாமா என்று எல்லாரையும் கேட்டிருந்தேன். அதே வாயால் எனக்குப் பயமாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய் சொன்னது. மனசு மட்டும், திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. தாடையும் கழுத்தும் ஒன்றாக வீங்கித் தண்ணீர் விழுங்குவதே பாடாகிவிட்டது. என் மனைவி எஸ்தர் துண்டை இழுத்துப் பார்த்தாள். பொன்னனின் கையை அவளும் பார்த்தவள்தான். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயமாயிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

வெகுநேரம் அழுதுவிட்டு அவள் கேட்டாள்: "அந்த வேதத்துல உங்களாட்டம் பயந்தவன் ஒருத்தன்கூடவா இல்ல? எப்பப் பார்த்தாலும் சந்தோஷப் பாட்டாவே படிக்கிறீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். நான்தான் அவர்களைத் தாண்டிப் போயிருந்தேன். அந்தப் பழைய எபிரெயச் சங்கீதங்களில் பாதி அழுகை. கடவுளே, என்னை மறந்தீரா என்று கேட்கிற பாட்டுகள். ஞாயிறு காலையில் இதென்ன ஒப்பாரி என்று ஏட்டைத் திருப்பிவிடுவேன். இப்போது அவற்றைத் தேடி எடுத்து, எஸ்தருக்குக் கேட்கும்படி வாசித்தேன். ஓரிடத்தில் அந்தக் கவிஞர், புகையில் தொங்கும் தோல்பையைப் போலத் தாம் ஆகிவிட்டதாகச் சொல்கிறார். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். புகையில் மாட்டிய தோல் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கறுக்கும், சுருங்கும், விறைக்கும், பார்க்கச் சகிக்காது. அத்தனை காலத்துக்கு முந்தின ஒரு பெரிய பக்தர், கடவுளின் முகத்துக்கு நேரே, நான் அப்படி ஆகிவிட்டேன் என்கிறார். சொல்லிவிட்டும் அவர் கடவுளை விடவில்லை. கடவுளும் அந்தப் பாட்டை வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை.

பிறந்ததிலிருந்து நான் செய்யாத ஜெபத்தை அன்று மத்தியானம் செய்தேன். "ஐயா, எனக்குப் பயமாயிருக்கிறது. சாக எனக்கு இஷ்டமில்லை. நீர் எங்கே போய்விட்டீர்?" அவ்வளவுதான். ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. பயம் போகவும் இல்லை.

ஆனால் வாசலில் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. கிடங்கு மேஸ்திரி கரீம் பாய். பத்து வருஷத்தில் ஒரு நாளும் எங்கள் தெருவுக்கு வராதவர். "இன்னா ஞானமுத்து, வேலைக்கு வரல?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். நல்லவேளை, துண்டு இல்லை.

"யா அல்லா! எத்தினி நாளா கீது? கீறினியா? கிள்ளினியா?"

"இல்ல, பாய்."

"கை வெக்காதே. எங்க மாமுவுக்கு இதேதான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொழைச்சாரு. கெளம்பு, ஜல்தி."

அவரே ரயிலேற்றினார். காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கான ஊசி மருந்து பட்டணத்திலிருந்து வரவேண்டும் என்றார். அது வர இரண்டு நாள் ஆயிற்று. வீக்கம் மார்புவரை இறங்கியது. மூச்சு விசில் போல வந்தது. எஸ்தர் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் வாசிக்கக் கேட்டிருந்த வரிகளை எனக்குத் திருப்பிச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் மருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை நான் கஞ்சி குடித்தேன். ஆறாம் நாளும் போய், எட்டாம் நாளும் போய், நான் இருந்தேன். கர்த்தருக்கு நன்றி. கரீம் பாய்க்கும் நன்றி. அந்த மனுஷனை அன்று அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குரல் பழையபடி திரும்பவில்லை. கரகரப்பாகத்தான் வருகிறது. அந்தக் குரலில்தான் முதன்முறையாக ஜெபவீட்டில் ஒரு அழுகைப் பாட்டை வாசித்தேன். முடிந்ததும் பாக்கியம் என்ற சகோதரி என்னிடம் வந்தாள். அவள் புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் போய் மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. ஜெபவீட்டில் அவள் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இது நான் சொல்லவேண்டியதாச்சே. இந்தப் பாட்டு கட்டினவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "இன்னொரு தபா படிங்க."

படித்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

பிரியமானவர்களே, இன்றைக்கும் தோல் வண்டி வந்து நின்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் தினம் காலையில் கர்த்தரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். பயம் தீர்ந்த பிறகு கடவுளிடம் வரலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே வாருங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், நமக்கு முன்னே நடுங்கியவர்களின் பாட்டு இருக்கிறது. எழுத்து தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். நான் வாசிக்கிறேன்.